கிறீனிச் ஏடுகள் யாருக்கு உரியன?

1716ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே, எழுபது வயதை அணுகிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தமது பெயர் பொறித்த நூலொன்றின் 300 பிரதிகளைப் பெற்றுக்கொண்டார். அவற்றுள் தாம் ஒப்புக்கொண்ட பகுதியை மட்டும் பிரித்தெடுத்து வைத்தார். எஞ்சிய ஏடுகள் அனைத்தையும் தீயிலிட்டார். அவ்வேடுகளில் அச்சாகியிருந்தவை மாற்றாருடைய கருத்துக்கள் அல்ல. நாற்பது ஆண்டுக் காலம், இரவு இரவாகக் கண்விழித்து, அவரே அளந்து குறித்த விண்மீன்களின் நிலைகளே அவை. தம் உழைப்பில் விளைந்ததைத் தம் கையாலேயே எரித்த அம்முதியவர் ஜோன் பிளாம்ஸ்டீட் என்பவர். கிறீனிச்சிலுள்ள அரச வானாராய்ச்சி நிலையத்தின் முதல் வானியலாளர். அந்நூலை அவருடைய இசைவின்றி அச்சேற்றியவர்களும் சாமானியர் அல்லர். ஒருவர் ஐசாக் நியூற்றன். மற்றவர் எட்மண்ட் ஹலி.

இக்காலத்து ஆராய்ச்சியாளர், தாம் திரட்டிய தரவுகளைத் தரவுச் சுவடிக்கூடங்களிலே வைத்து, உலகில் எவரும் எடுத்தாளுமாறு வெளியிடுகின்றனர். ஆராய்ச்சிக்கு நிதி உதவும் நிறுவனங்கள் பல இதனை ஒரு விதியாகவே ஆக்கியுள்ளன. புதிய வழக்கம் போலத் தோன்றும் இவ்விதியின் பின்னே மிகப் பழைய வினா ஒன்று நிற்கின்றது. அளந்து எழுதியவருக்கு அவ்வளவையின் மேல் உள்ள உரிமை எவ்வளவு? அதனால் பயன்பெற வேண்டிய பொதுமக்களுக்கு உள்ள உரிமை எவ்வளவு? கிறீனிச் குன்றின் மேல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் நடைபெற்ற பிணக்கு, இவ்வினாவை எல்லாப் பக்கங்களிலிருந்தும் காட்டுகின்றது.

பதினேழாம் நூற்றாண்டிலே கடலோடிகளுக்குப் பெருந்துன்பம் ஒன்று இருந்தது. நடுக்கடலில் நிற்கும் கப்பல் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ கொண்டு அறிந்துகொள்ளலாம். கிழக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்பதை, அதாவது நெட்டாங்கினை, அறிய நம்பத்தக்க வழி இருக்கவில்லை. அதனால் கப்பல்கள் பாறைகளில் மோதின, மாலுமிகள் மாண்டனர். விண்மீன்களுக்கிடையே சந்திரன் செல்லும் பாதையைக் கடிகார முள்ளைப் போலக் கொண்டு நெட்டாங்கை அறியலாம் என்று 1675ஆம் ஆண்டு இரண்டாம் சாள்ஸ் மன்னரின் அவையில் ஒரு யோசனை கூறப்பட்டது. அதனை ஆராய்ந்தவர்களோடு இருந்த இளைஞர் பிளாம்ஸ்டீட் ஒரு தடையை எடுத்துக் காட்டினார். முறை சரியாயினும், விண்மீன்களின் நிலைகள் பிழையின்றி அறியப்படவில்லை. சந்திரனின் இயக்கமும் அவ்வாறே. கடிகாரம் இருக்கின்றது, ஆனால் அதன் முகத்தில் எண்கள் சரியாக எழுதப்படவில்லை என்பதே அவர் கூற்றின் பொருள்.

இதனைக் கேட்ட மன்னர் அந்நிலைகளைப் புதிதாக அளக்கப் பணித்தார். பிளாம்ஸ்டீட் ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில் அப்பணிக்கு நியமிக்கப்பட்டார். கிறிஸ்தோபர் றென் என்னும் சிற்பியின் திட்டப்படி கிறீனிச் குன்றின் மேல் நிலையம் எழுந்தது. பழுதுபட்ட வெடிமருந்தை விற்ற பணமே அதன் மூலதனம். ஏறத்தாழ 520 பவுண் செலவாயிற்று. கட்டடம் கொடுத்த அரசு கருவி எதனையும் கொடுக்கவில்லை. சேர் ஜோனாஸ் மூர் என்னும் அன்பர் இரண்டு சிறந்த கடிகாரங்களும் ஏறத்தாழ ஏழடி ஆரையுள்ள கோணமானி ஒன்றும் உதவினார். அவர் 1679இல் இறந்தபின் பிளாம்ஸ்டீட் தனித்து விடப்பட்டார். மாணாக்கருக்குக் கணிதம் போதித்தும், 1684 முதல் கிராமத் தேவாலயமொன்றின் குருவாகப் பணியாற்றியும் பொருள் தேடினார். தந்தையார் இறந்தபின் கிடைத்த முதுசொத்தைக் கொண்டு, ஏபிரகாம் ஷார்ப் என்னும் திறமைமிக்க தொழில்வல்லாரின் உதவியோடு, சுவரிலே பொருத்தும் பெரிய வில்வடிவக் கருவி ஒன்றை அமைத்தார். அதற்குச் சென்ற 120 பவுணும் அவருடைய சொந்தப் பணமே.

அவர் செய்த வேலையின் தன்மையை எண்ணிப் பார்த்தல் தகும். அவருக்கு முன் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்டது தென்மார்க்கு நாட்டுத் தைக்கோ பிராகே அமைத்த நட்சத்திர அட்டவணை. அது தொலைநோக்கியின்றி வெறுங்கண்ணால் அளக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்களைக் கொண்டது. ஒரு பாகையின் அறுபதிலொரு கூறு கலை எனப்படும். கலையின் அறுபதிலொரு கூறு விகலை. தைக்கோவின் அளவைகள் ஒரு கலை அளவிற்குச் சரியானவை. பிளாம்ஸ்டீட் கோணமானியிலே தொலைநோக்கியைப் பொருத்தி அளந்தார். பிழையைச் சில விகலைகளாகக் குறைக்க முயன்றார். 1676 முதல் 1689 வரையில் மட்டும் ஏறத்தாழ 20,000 அவதானங்கள் செய்யப்பட்டன. ஒவ்வோர் அவதானமும் அவ்வாறே பயன்பட்டுவிடாது. கருவி வளைந்த அளவு, கடிகாரம் பிந்திய அளவு, வளிமண்டலத்திலே ஒளி முறிந்த அளவு ஆகியவற்றையெல்லாம் கழித்துக் கணித்த பின்பே ஒரு விண்மீனின் நிலை தெரியவரும். அக்கணிப்பிற்கு உதவியாளர் வேண்டும். அவர்களுக்குக் கூலியும் பிளாம்ஸ்டீட்டே கொடுத்தார்.

இதனாலேயே அவர் வெளியிடத் தயங்கினார். அட்டவணை நிறைவுறுமுன் வெளியிட்டால், பிழைகள் தம் பெயரோடு உலகிற் பரவும். அவற்றைத் திருத்துதல் பின்னர் அரிதாகும் என்று அஞ்சினார். நல்ல காரியத்தைப் பாதியிலே காட்டலாகாது என்பது அவர் கொள்கை.

மறுபுறத்திலே நியூற்றனின் தேவையும் சிறிதன்று. ஈர்ப்பு விதியை விளக்கிய அவருடைய பெருநூல் 1687இல் வெளிவந்திருந்தது. சூரியனும் பூமியும் ஒருங்கே இழுக்கும் சந்திரனின் இயக்கமே அவ்விதிக்குக் கடினமான சோதனை. அதனைக் கணித்துச் சரிபார்க்க, அளந்த நிலைகள் வேண்டும். அவை கிறீனிச்சிலே மட்டும் இருந்தன. 1694ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூற்றன் பிளாம்ஸ்டீட்டைச் சென்று கண்டார். சந்திரனின் நிலைகள் முதலில் 50, பின்னர் மேலும் 100 வரை கொடுக்கப்பட்டன. இசைவின்றி மற்றவர்க்குக் காட்டலாகாது என்பது நிபந்தனை. ஆனால் நியூற்றனின் வேகத்திற்கு நோயாளியான பிளாம்ஸ்டீட்டினால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒருவர் மூல அவதானங்களை உடனே கேட்டார். மற்றவர் திருத்திய முடிவுகளையே கொடுக்க விரும்பினார். கடிதங்கள் கசந்தன. ஒருவர் மற்றவரைக் கருமி என்றெண்ண, மற்றவர் இவரைப் பறிப்பவர் என்றெண்ணும் நிலை வந்தது.

1703இல் நியூற்றன் றோயல் சங்கத்தின் தலைவரானார். மகாராணி ஆனின் கணவராகிய ஜோர்ஜ் இளவரசர் கிறீனிச் அவதானங்களை அச்சிடும் செலவை ஏற்றார். நியூற்றன் முதலாக ஐவர் கொண்ட குழு அதனை மேற்பார்வை செய்தது. இன்னும் நிறைவுறாத அட்டவணையைப் பிளாம்ஸ்டீட் முத்திரையிட்ட பொதியாகக் குழுவினரிடம் ஒப்படைத்தார். கோணமானியால் அளந்த பகுதி அச்சாகி முடிந்தது. 1708இல் இளவரசர் இறக்கவே வேலை நின்றது. 1710இல் நிலைமை மாறிற்று. றோயல் சங்கத் தலைவரும் அவர் தெரிந்தெடுப்பவரும் கிறீனிச் நிலையத்திற்கு மேற்பார்வையாளராக மகாராணியின் ஆணையினால் நியமிக்கப்பட்டனர். ஒவ்வோராண்டின் அவதானங்களையும் அடுத்த ஆறு மாதத்தினுள் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அவ்வாணை கூறிற்று. அடுத்த ஆண்டிலே, தமது அட்டவணையை ஹலி திருத்தி அச்சிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைப் பிளாம்ஸ்டீட் அறிந்தார். முத்திரை உடைக்கப்பட்டிருந்தது. 1711 ஒக்டோபரில் நியூற்றனை நேரிலே கண்டபோது, தம் உழைப்பின் பயன் தம்மிடமிருந்து களவாடப்பட்டது என்று முறையிட்டார். பதிலாகக் கடுஞ்சொற்களே கிடைத்தன என்று அவர் தமது குறிப்பில் எழுதி வைத்தார்.

1712இல் நூல் 400 பிரதிகளாக வெளிவந்தது. அட்டையிலே பிளாம்ஸ்டீட்டின் பெயர். உள்ளே அவரைக் குறைகூறும் முன்னுரை. அடுத்த ஆண்டு வந்த நியூற்றனின் பெருநூல் இரண்டாம் பதிப்பிலே, முதற் பதிப்பில் இருந்த பிளாம்ஸ்டீட்டின் பெயர் பல இடங்களில் நீக்கப்பட்டிருந்தது. தரவு வெளியாயிற்று, தரவு தந்தவர் மறைக்கப்பட்டார். 1714இல் மகாராணி இறந்தபின் அரசவையில் செல்வாக்குக் கைமாறியது. விற்பனையாகாது எஞ்சிய 300 பிரதிகள் பிளாம்ஸ்டீட்டின் கைக்கு வந்தன. பின்பு மூண்ட தீயே இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறப்பட்டது.

இவ்விருவருள் யார் நியாயமுடையவர்? நியூற்றன் பக்கத்து வழக்குரைஞர், அரசன் கட்டிய நிலையம், அரசன் கொடுத்த சம்பளம், கடலோடிகள் உயிர்காக்க எழுந்த பணி, முப்பத்தாறு ஆண்டுகளாகியும் நூல் இல்லை என்று வாதிடுவர். பிளாம்ஸ்டீட் பக்கத்து வழக்குரைஞர், கருவி அவருடையது, கூலி அவருடையது, கண் அவருடையது, பிழைக்குப் பொறுப்பும் அவருடையது என்று வாதிடுவர். இரண்டும் மெய்யே. பொதுநன்மையை வேண்டியவர் அதனை வஞ்சனையால் பெற முயன்றதும், தன்னுரிமையை வேண்டியவர் முடிவின்றிக் காலம் தாழ்த்தியதுமே கேட்டிற்குக் காரணமாயின.

பிளாம்ஸ்டீட் 1719 டிசெம்பர் 31ஆம் நாள் இறந்தார். பணி அவரோடு முடியவில்லை. அவருடைய மனைவி மார்கரட்டின் முயற்சியால், உதவியாளர் ஜோசப் குரொஸ்த்வெயிற்றும் முதிய ஷார்ப்பும் எஞ்சிய கணிப்புக்களைச் செய்து முடித்தனர். 1725இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் ஏறத்தாழ 3,000 விண்மீன்களின் நிலைகள் இருந்தன. தைக்கோவின் அட்டவணையைப் போல மும்மடங்கு பெரிது. நுட்பத்திலோ அதனினும் பன்மடங்கு சிறந்தது. அதே மார்கரட் அம்மையார், கிறீனிச் நிலையத்துக் கருவிகள் தம் கணவரின் சொத்து என்று கூறி அவற்றை அகற்றிக்கொண்டார். பிளாம்ஸ்டீட்டின் பதவிக்கு வந்த ஹலி, வெறுஞ் சுவர்களையே கண்டார்.

ஹலியின் பதவிக் காலத்திலே விந்தையான திருப்பம் ஒன்று நேர்ந்தது. பிளாம்ஸ்டீட் மறைத்து வைத்தார் என்று குறைகூறிய அதே ஹலி, தாமும் தமது அவதானங்களை ஒப்படைக்கவில்லை. 1727 மார்ச் மாதம், நியூற்றன் கடைசி முறையாகத் தலைமை வகித்த றோயல் சங்கக் கூட்டத்திலே, மகாராணியின் ஆணை நிறைவேற்றப்படவில்லை என்பதை அவர் எடுத்துக் கூறினார். ஹலி கூறிய விடை, தாம் சந்திரனைப் பற்றிய கணிப்பை முடிக்குமுன் மற்றவர் அவ்வவதானங்களைக் கொண்டு பயனடைந்துவிடாதபடி அவற்றைத் தம்மிடமே வைத்திருப்பதாக அமைந்தது. நெட்டாங்கினைக் கண்டுபிடிப்பவருக்கு 1714ஆம் ஆண்டுச் சட்டப்படி 20,000 பவுண் வரை பரிசு காத்திருந்தது என்பதும் நினைவு கூரத்தக்கது. அளப்பவர் இடத்திலே வந்து அமர்ந்த பின்னரே ஹலிக்குப் பிளாம்ஸ்டீட்டின் மனம் விளங்கியது போலும்.

மூன்றாவதாகப் பதவி வகித்தவர் ஜேம்ஸ் பிராட்லி. அவதான நுட்பத்திலே அவருக்கு இணையானவர் அந்நாளில் இலர். 1762இல் அவர் இறந்ததும், அவருடைய ஏடுகளைக் குடும்பத்தார் தனிச்சொத்தாகக் கொண்டு எடுத்துச் சென்றனர். அரசு அவற்றை மீட்க வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் இழுபட்டது. 1776இல் அவ்வேடுகள் ஒக்ஸ்பட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தன. அங்கும் தாமதமே. முதற் தொகுதி 1798இலும் இரண்டாவது 1805இலும் அச்சாயின. ஜேர்மனிய வானியலாளர் பெசல் அவற்றை எடுத்துக் கணித்து, 3,000க்கு மேற்பட்ட விண்மீன்களின் திருத்தமான நிலைகளை 1818இல் வெளியிட்டார். பிராட்லி கண்டதன் முழுப்பயன் உலகிற்குக் கிடைக்க, அவர் இறந்தபின் 56 ஆண்டுகள் சென்றன. வாழ்நாளெல்லாம் அளந்த ஒருவரின் உழைப்பு, வழக்கு மன்றத்திலும் பேழையிலுமாக இரண்டு தலைமுறை கிடந்தது.

இத்தனை இழப்பின் பின்பே தெளிவு பிறந்தது. 1765இல் நெவில் மஸ்கெலின் அரச வானியலாளராக வந்த காலத்தில், கிறீனிச் அவதானங்கள் அரசுக்கு உரியன என்பதும், அவை றோயல் சங்கத்தின் மூலம் வெளியிடப்படவேண்டும் என்பதும் உறுதிசெய்யப்பட்டன. அவருடைய அவதானங்களின் முதற் தொகுதி 1776இல் வந்தது. 1767ஆம் ஆண்டிற்கான கப்பலோட்டிகளின் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டபோது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மன்னர் அவையிலே கூறப்பட்ட அந்தச் சந்திர முறை முதன்முறையாக மாலுமிகளின் கையில் வந்தது. வானியலாளருக்குத் தம் பெயர் இருந்தது. கருவிகளை அரசு கொடுத்தது. வெளியிடும் கடமை பதவி ஏற்குமுன்னரே தெரிந்திருந்தது. முன்னிருந்தோர்க்கு இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கவில்லை. உரிமைப் பிணக்கை மனிதரின் பெருந்தன்மை தீர்க்கவில்லை. முன்கூட்டியே வகுத்த நேர்மையான விதியே தீர்த்தது.

தரவினை வெளியிடுவதன் பயன், அதனைத் திரட்டியவர் எண்ணிய பயனோடு முடிவதில்லை. 1781 மார்ச் 13ஆம் நாள் வில்லியம் ஹேர்ஷல் வானிலே புதிய கோள் ஒன்றைக் கண்டார், அதுவே யுரேனஸ். சூரியனைச் சுற்றிவர அதற்கு 84 ஆண்டுகள் செல்லும். அதன் பாதையைக் கணிக்க எண்பது ஆண்டுகள் காத்திருப்பதா? பழைய அட்டவணைகளைப் புரட்டியபோது வியப்பொன்று காத்திருந்தது. பிளாம்ஸ்டீட் 1690 டிசெம்பரில், இடபராசியிலுள்ள 34ஆம் விண்மீன் என்று குறித்திருந்த ஒளிப்புள்ளி விண்மீனன்று, யுரேனஸ் கோளே. கோள் என்று அவர் அறியவில்லை. ஆயினும் இரவையும் நேரத்தையும் நிலையையும் பிழையின்றி எழுதிவைத்தார், அது போதுமானதாயிற்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அளவை ஆயத்தமாகக் கிடைத்தது.

அக்கோள் கணித்த பாதையிலிருந்து விலகிச் சென்றது. பழைய அவதானங்களையும் புதியவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கிய பிரான்சு நாட்டு லெவெரியேயும் ஆங்கிலேயராகிய அடம்ஸும், அப்பால் இன்னுமொரு கோள் அதனை இழுக்கின்றது எனத் தனித்தனியே கணித்தனர். அதனைத் தேடிய வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. கேம்பிறிட்ஜிலே சலிஸ் என்பவர் 1846 ஓகஸ்டில் அக்கோளை இருமுறை கண்டு குறித்தும், அது கோள் என்பதை உணரவில்லை. ஒப்பு நோக்குதற்கு அவ்வான்பகுதியின் நல்ல படம் அவரிடம் இல்லை. அப்படம் பெர்லினிலே அச்சாகியிருந்தது. ஆனால் மற்ற நாடுகளுக்கு இன்னும் அனுப்பப்படவில்லை. செப்டெம்பர் 23ஆம் நாள் இரவு, பெர்லினில் காலேயும் தறெஸ்ரும் அப்படத்தை அருகே வைத்துக்கொண்டு நோக்கினர். படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று வானில் இருந்தது. அன்றிரவே நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் ஊரில் எட்டும் தூரத்திலே இருந்த ஏடு மற்றோர் ஊரில் இல்லாமையே, கண்டும் காணாமைக்கு ஒரு காரணமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டு இப்பாடத்தை உலகளாவிய ஏற்பாடாக மாற்றியது. 1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரை நடைபெற்ற சர்வதேச பூகோளவியற் பௌதிக ஆண்டிலே அறுபதிற்கு மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. அந்நாள் இலங்கையும் அவற்றுள் ஒன்று. பூமியின் காந்தம், கடல், பனிமலை, வளிமண்டலம், சூரியக் கதிர் ஆகியவற்றை ஒரே காலத்தில் உலகெங்கும் அளப்பது நோக்கம். அளந்தவற்றை வைக்க உலகத் தரவு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று சோவியத் நாட்டில், மூன்றாவது மேற்கு ஐரோப்பா, ஜப்பான், அவுஸ்திரேலியா ஆகியவற்றிலே பகிர்ந்து வைக்கப்பட்டது. ஓரிடத்தில் அழிவு நேர்ந்தாலும் மற்றோரிடத்தில் பிரதி எஞ்ச வேண்டும். எந்நாட்டு அறிஞரும் கேட்டால் கொடுக்க வேண்டும். பெரும் வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று ஐயுற்று நின்ற அக்காலத்திலேயே இவ்வுடன்பாடு கைகூடிற்று. 2008ஆம் ஆண்டு அது உலகத் தரவு அமைப்பு என்னும் புதிய வடிவம் பெற்றது.

உழைத்தவரின் உரிமைக்கும் விதி வகுக்கப்பட்டது. 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஏற்பாடு இதற்குச் சான்று. ஓர் அறிஞர் கேட்டுப் பெற்ற அவதானம், தொடக்கத்தில், பொதுவாக ஓராண்டு காலம் அவருக்கு மட்டும் உரியதாயிருந்தது. அக்காலம் கழிந்ததும் அது சுவடிக்கூடத்தில் எல்லார்க்கும் திறக்கப்படும். பிளாம்ஸ்டீட் கேட்ட அவகாசமும் நியூற்றன் கேட்ட வெளியீடும் ஒரே விதியில் இடம்பெற்றன. சுவடிக்கூடத்தின் பழைய அவதானங்களை மீண்டும் ஆராய்ந்து, அளந்தவர் எண்ணாத வினாக்களுக்கு விடைகண்ட கட்டுரைகள் பல.

மனிதனின் மரபணுத் தொகுதியை வாசிக்கும் பெருமுயற்சியிலே அவகாசமும் வேண்டாம் என்று தீர்மானிக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு பெர்மியூடா தீவிலே கூடிய விஞ்ஞானிகள், வாசித்த வரிசைகளை 24 மணி நேரத்தினுள் பொதுச் சுவடிக்கூடத்தில் வெளியிடுவது என உடன்பட்டனர். கிறீனிச்சிலே முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு என்று நின்ற காலம், இங்கே ஒரு பகலும் ஓர் இரவுமாகக் குறுகிற்று. இது எல்லாத் துறைக்கும் பொருந்தும் என்பதற்கில்லை. நோயாளர் பற்றிய குறிப்புக்களிலே பெயரும் ஊரும் வெளிப்பட்டால் அவர்க்குத் தீங்கு நேரலாம். அத்தகைய தரவுகளைக் காவலோடு, தகுதியுடையோர்க்கு மட்டும் திறப்பதே முறை. அரிய உயிரினம் வாழும் இடத்தை உலகறியச் சொல்வதும் அவ்வுயிரினத்தை வேடர்க்குக் காட்டிக்கொடுப்பதாக முடியலாம்.

பெயர் மறைக்கப்படுதல் என்னும் பழைய குறைக்கும் மருந்து காணப்பட்டுள்ளது. நூலை மேற்கோள் காட்டுவது போலத் தரவுத் தொகுதியையும் அதன் ஆசிரியர் பெயரோடு மேற்கோள் காட்டவேண்டும் என்னும் வழக்கம் வலுப்பெற்றது. 2009இல் இதற்கென ஒரு சர்வதேச அமைப்பு தோன்றி, தரவுத் தொகுதிகளுக்கு மாறாத அடையாள எண்களை வழங்கி வருகின்றது. அத்துடன், திருத்திய பதிப்பு வந்தால் பழையதும் புதியதும் தனித்தனியே குறிக்கப்படும். பிழை கண்டபின் திருத்த வழியுண்டு. முதல் வெளியீட்டிலே பிழை இருக்குமோ என்று அஞ்சி ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. பிளாம்ஸ்டீட்டின் அச்சங்களுள் இரண்டு, பெயர் போகும் என்பதும் பிழை நிற்கும் என்பதும், இவ்வாறு நீங்குகின்றன.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே பங்குக் கிணறுகள் உண்டு. யாருக்கு எத்தனை பங்கு, யார் எந்த முறைக்கு இறைப்பது என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அம்முறை இருக்கும் வரை எல்லாத் தோட்டமும் பசுமையாயிருக்கும்; முறை குலைந்தால் தண்ணீர் இருந்தும் பயிர் வாடும். கிறீனிச்சிலே ஒரு நூற்றாண்டு காலம் நிறைகிணறு இருந்தும் முறை இருக்கவில்லை. அதனால் ஒரு நூல் எரிந்தது. ஒரு நிலையம் வெறுமையாயிற்று. ஓர் ஏட்டுத் தொகுதி வழக்கிலே முடங்கிற்று.

தரவினைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்போர், அதனைத் திரட்டியவரின் பெயருக்கும் செலவுக்கும் அவகாசத்திற்கும் முதலில் வகை செய்தல் வேண்டும். தரவினைத் திரட்டுவோர், அதன் முழுப்பொருளையும் தாமே அறிந்துவிட்டதாக எண்ணாதிருத்தல் வேண்டும். 1690ஆம் ஆண்டுக் குளிர்கால இரவொன்றில் பிளாம்ஸ்டீட் ஒரு சிறு விண்மீனைக் கண்டு அதன் நிலையை எழுதி வைத்தார். தாம் ஒரு கோளினைக் கண்டதை அவர் இறக்கும் வரை அறியவில்லை. அவர் எழுதிய வரி அச்சேறி, எல்லார்க்கும் எட்டும் இடத்தில் இருந்தமையால், மற்றொருவர் அதனை அறிந்தார்.